ஓடும் கார்களை நீண்ட எக்ஸ்போஷரில் படமெடுத்தல்: வேலூர்ச் சாலைகளில் ஒரு தொடக்கப் பயிற்சி

இரவு நெடுஞ்சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக நீண்டு செல்லும் ஒளிக்கோடுகளைப் படத்தில் பார்ப்பவர்கள், அதை எடுக்க விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஷட்டர் நேரத்தை (எக்ஸ்போஷர், அதாவது கேமராவின் சென்சாரில் வெளிச்சம் விழும் நேரத்தை) நம் விருப்பப்படி வைக்கக்கூடிய ஒரு கேமரா, அசையாத ஒரு ட்ரைபாட் (முக்காலி), பள்ளிக்கூடத்தில் படித்த வேகக் கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால் முதல் நாளிலேயே பார்க்கத் தகுந்த படம் கிடைத்துவிடும். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. ஷட்டர் திறந்திருக்கும் நொடிகளில் கேமரா எதனோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கிறதோ அது படத்தில் தெளிவாக நிற்கும், மற்றதெல்லாம் இழுபட்டு ஓடும். தரையோடு பூட்டினால் சாலையும் பாலமும் மலையும் நிற்க, கார்கள் ஓடும். காரோடு பூட்டினால் கார் நிற்க, ஊர் ஓடும். தரையில் பூட்டிப் பழகிய பிறகுதான் காரில் பூட்டும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் செல்கிறது.

தேவையான பொருட்கள்

அமைப்புகளை நாமே வைக்கும் மேனுவல் முறையும், பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையும் உள்ள எந்த டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவும் போதும். பழைய கேமராவாக இருந்தாலும் குறையில்லை, ஏனென்றால் இந்த வேலைக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 100-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. கேமராவோடு வந்த 18–55 மில்லிமீட்டர் லென்ஸே ஆரம்பத்துக்குச் சரியானது. கைபேசியில் எடுக்க விரும்புவோர், அதில் ப்ரோ முறை இருந்து, ஷட்டர் நேரத்தை 10 நொடி அல்லது அதற்கு மேல் வைக்க முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால், ட்ரைபாடில் பொருத்த ஒரு ஹோல்டர் மட்டும் வாங்கினால் போதும்.

பணத்தை எதில் செலவிடலாம் என்று கேட்டால், ட்ரைபாடில் என்பேன். மெலிந்த கால்களும் பிளாஸ்டிக் தலையும் உள்ள ட்ரைபாட், பக்கத்தில் ஒரு லாரி போகும் காற்றுக்கே ஆடும். அப்படி ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களின் மெல்லிய கடைசிக் கண்ணியை நீட்டாதீர்கள், கேமராப் பையை நடுத்தண்டின் கொக்கியில் தொங்கவிட்டு, பையின் அடிப்பாகம் தரையைத் தொடும்படி வையுங்கள். தொங்கும் பை காற்றில் ஆடினால் உதவிக்குப் பதிலாக உபத்திரவம்தான். ஷட்டர் பொத்தானை விரலால் அழுத்தும்போதும் கேமரா அதிரும் என்பதால் ரிமோட் ஒன்று வேண்டும். இல்லையென்றால் கேமராவிலேயே இருக்கும் 2 நொடி டைமரைப் பயன்படுத்தலாம்.

இடமும் நேரமும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 வேலூரை ஒட்டியே செல்வதால், வாகனங்களுக்குக் குறைவில்லை. அந்தச் சாலையின் குறுக்கே செல்லும் மேம்பாலம் ஒன்றில், நடைபாதையும் இடுப்பளவுத் தடுப்புச் சுவரும் உள்ள இடமாகப் பார்த்து நின்று, மேற்கே பெங்களூரு திசையைப் பார்த்துக் கேமராவைத் திருப்புங்கள். சூரியன் மறைந்த பிறகும் வெளிச்சம் தங்கியிருக்கும் வானம் அந்தப் பக்கம்தான் இருக்கும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், நம்மை விட்டு விலகிச் செல்லும் வாகனங்களின் சிவப்பு விளக்குகள் படத்தின் இடப்பாதியிலும், எதிரே வரும் முகப்பு விளக்குகளின் வெள்ளை வலப்பாதியிலும் விழும். இதை முன்கூட்டியே மனத்தில் கொண்டு சட்டகத்தை அமைத்தால், எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அங்கே போய்த் தடுமாற வேண்டாம்.

வேலூரையும் காட்பாடியையும் இணைக்கும் பாலாற்றுப் பாலமும் நல்ல இடமே. ஆனால் பாலத்தின் மேல் நின்று எடுப்பதைவிடக் கரையில் தள்ளி நின்று, பாலத்தின் மேல் செல்லும் ஒளிக்கோட்டையும் பின்னால் நிற்கும் பாறை மலைகளையும் சேர்த்து எடுப்பது எனக்கு அதிகம் பிடிக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவுதான், அந்த நாட்களில் அதே கோடு நீரிலும் விழும். பாலத்தின் மேலேயேதான் நிற்க வேண்டும் என்றால், இரண்டு தூண்களுக்கு நடுவில் நிற்காதீர்கள். பேருந்து ஒன்று ஏறும்போது பாலத்தின் தளம் நடுவில்தான் அதிகமாக அதிர்கிறது. தூணுக்கு நேர் மேலே அந்த அதிர்வு மிகவும் குறைவு. தளத்தின் இணைப்பு இடைவெளிகளின் மீது சக்கரம் ஏறும்போது வரும் தட்டல் காலிலேயே தெரியும், அந்த இணைப்புகளை விட்டும் சற்று விலகி நில்லுங்கள்.

நகருக்குள் கோட்டையை ஒட்டிய அண்ணா சாலையில், அகழியும் மதிலும் பின்னணியில் நிற்க, முன்னால் வாகனங்கள் ஓடுவதாக அமைக்கலாம். சாலையோர நடைபாதையில் பிறருக்கு வழி விட்டு நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம் என்பதால், உள்ளே ட்ரைபாடை விரிக்க முன் அனுமதி பெற வேண்டும். வளைந்து செல்லும் ஒளிக்கோடு வேண்டுவோர் ஏலகிரிக்குச் செல்கிறார்கள். அங்கே உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றை மேலிருந்து பார்க்கும் இடம் கிடைத்தால் ஒரே ஒரு கார் ஏறினாலே படம் நிறைந்துவிடும். ஆனால் மலைச்சாலையில் வாகனம் அடிக்கடி வராது. முதல் பயிற்சிக்குச் சமவெளிச் சாலையே தோது.

நேரம் என்பது இடத்தைவிட முக்கியம். முழு இருட்டில் எடுத்தால் கறுப்பு வானத்தில் கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தச் சாலை வேலூரில் இருக்கிறதா வேறு எங்கோ இருக்கிறதா என்றே தெரியாது. சூரியன் மறைந்து ஏறத்தாழ 15 நிமிடம் கழித்து வானம் ஆழ்ந்த நீலமாகத் தொடங்குகிறது. 35 நிமிடத்துக்குள் அது முடிந்துவிடுகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது, ஆகவே ஐரோப்பியர்கள் எழுதும் குறிப்புகளில் சொல்லப்படும் நீண்ட அந்தி நமக்குக் கிடைக்காது. வேலூரில் நவம்பரில் மாலை 5.45 வாக்கிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.45 வாக்கிலும் சூரியன் மறைகிறது. அதற்கு அரை மணி நேரம் முன்பே போய், வெளிச்சத்திலேயே சட்டகத்தையும் ஃபோகஸையும் முடித்துவைத்துக் காத்திருக்க வேண்டும்.

அமைப்புகளை ஒவ்வொன்றாகச் செய்தல்

முதலில் கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றி, படம் ரா ஃபைலாக, அதாவது பிறகு திருத்த வசதியான பதப்படுத்தாத கோப்பாக, பதிவாகும்படி வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 8, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 3800 கெல்வின் அளவில் வைத்துத் தொடங்கலாம். அடுத்து, தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு வழிகாட்டிப் பலகையை நோக்கி ஆட்டோ ஃபோகஸில் ஃபோகஸ் செய்துவிட்டு, உடனே லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். மாற்ற மறந்தால், இருட்டிய பிறகு ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் லென்ஸ் ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது அது பெரிய உதவி. ட்ரைபாடில் இருக்கும்போது இல்லாத அதிர்வைத் திருத்தப் போய்ப் படத்தைக் கலங்கடிக்கக்கூடும். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரையும் மூடி விட வேண்டும், பின்னாலிருந்து வரும் வண்டியின் வெளிச்சம் அதன் வழியாக உள்ளே நுழையும்.

இப்போது கணக்கு. வாகனத்தின் மணிக்கான கிலோமீட்டர் வேகத்தை 3.6-ஆல் வகுத்தால், அது நொடிக்கு எத்தனை மீட்டர் செல்கிறது என்பது கிடைக்கும். 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 20 மீட்டர் செல்கிறது. சட்டகத்துக்குள் தெரியும் சாலை 200 மீட்டர் என்றால், அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக 10 நொடி ஆகும். ஷட்டரை 10 நொடி திறந்து வைத்தால் கோடு முழுமையாக விழும். 4 நொடி மட்டும் திறந்தால் சாலையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே அறுந்து நிற்கும் துண்டுக் கோடுகள் கிடைக்கும், அது பார்வைக்கு நன்றாக இருக்காது. நகருக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வண்டிகள் நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்று மேல்தான் செல்கின்றன என்பதால், அங்கே அதே நீளத்துக்கு 24 நொடி தேவைப்படும்.

அடுத்துச் சொல்லப்போவதைத் தொடங்குவோர் பலரும் கவனிப்பதில்லை. ஒளிக்கோட்டின் பிரகாசத்தை ஷட்டர் நேரம் தீர்மானிப்பதில்லை. ஓடும் விளக்கு, சென்சாரின் ஒரு புள்ளியின் மீது மிகச் சொற்ப நேரமே தங்கிவிட்டு அடுத்த புள்ளிக்கு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் 10 நொடி வைத்தாலும் 30 நொடி வைத்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றேதான். வண்டியின் வேகத்தை நம்மால் மாற்ற முடியாது என்பதால், கோட்டின் பிரகாசத்தை மாற்ற நம்மிடம் இருப்பவை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. அசையாமல் நிற்கும் வானமும் மலையும் கட்டடமும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன, ஆகவே அவற்றை ஷட்டர் நேரத்தால் கட்டுப்படுத்தலாம். இதனால் வேலை இரண்டாகப் பிரிந்து எளிதாகிறது. முதல் சோதனைப் படத்தில் கோடுகள் நிறமிழந்து வெளுத்துப்போயிருந்தால் அப்பர்ச்சரை எஃப் 11-க்கு மாற்றுங்கள், மங்கலாக இருந்தால் எஃப் 5.6-க்குத் திறங்கள். கோடு சரியாக அமைந்த பிறகு அப்பர்ச்சரைத் தொடாமல், வானத்துக்கு ஏற்ப ஷட்டர் நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். அந்தி நேரத்தில் ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒரு முறை வானத்தின் வெளிச்சம் பாதியாகக் குறைவதால், 4 நொடியில் தொடங்கியவர் பத்து நிமிடத்துக்குள் 30 நொடிக்கு வந்துவிடுவார். அதற்கு மேல் வேண்டுமானால் பல்ப் முறைக்குப் போக வேண்டும். அப்பர்ச்சரை எஃப் 16-க்கு மேல் மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒளியின் விளிம்பு விளைவு (சிறு துளை வழியே வரும் ஒளி பரவுவது) காரணமாகப் படம் முழுவதும் கூர்மை குறைந்துவிடும்.

ஷட்டரை எப்போது திறப்பது என்பதும் பழக வேண்டியதே. வாகனம் சட்டகத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்பே திறந்து, வெளியேறிய பிறகு மூடுங்கள். வண்டிகள் கூட்டமாக வந்துவிட்டு நடுவில் சாலை வெறிச்சோடிக் கிடந்தால், பல்ப் முறையில் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டி வராத நேரத்தில் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைத் தொடாமல் பிடித்து மறைக்கலாம். வண்டி வரும்போது அட்டையை எடுத்தால், காத்திருந்த நேரம் வானத்தைக் கெடுக்காது.

கோடுகளை உற்றுப் பார்த்தால்

எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு வாகனமும் தனித்தனியாக அடையாளம் தெரியும். இருசக்கர வண்டி தரைக்கு அருகே ஒற்றைக் கோடு இழுக்கிறது. அரசுப் பேருந்து, விளக்குக் கோடுகளுக்கு மேலே சன்னல்களின் வெளிச்சத்தை ஒரு பட்டையாகப் பரப்பிச் செல்கிறது. லாரியின் உச்சியில் உள்ள சிறு விளக்குகள் மற்றக் கோடுகளுக்கு வெகு மேலே தனியாக ஓடுவதால், சட்டகத்தின் மேற்பகுதி வெறுமையாக இருக்கும் இடங்களில் ஒரு லாரிக்காகக் காத்திருப்பது வீண் போகாது. வளைவில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பும் காரின் மஞ்சள் விளக்கு, நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு முறை விட்டு விட்டு எரிவதால், சில மீட்டர் நீளத் துண்டுகளாக விழும். சில புதிய கார்களின் சிவப்புக் கோடு மட்டும் புள்ளி வைத்ததுபோல் அறுந்து அறுந்து இருப்பதைக் கண்டு கேமரா பழுதோ என்று அஞ்ச வேண்டாம். அந்த எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை; பிரகாசத்தைக் குறைத்துக் காட்ட அவ்வாறு இயக்கப்படுகின்றன. கண் காணாததைக் கேமரா கோடாக விரித்துக் காட்டுகிறது.

வேலூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் மறைந்த பிறகும் பாலத்தின் சுவர் தொட முடியாத சூட்டில் இருக்கும். சென்சார் சூடேறினால் நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பும் நீலமுமாகச் சிறு புள்ளிகள் தோன்றும். பகல் முழுவதும் காரில் அடைத்து வைத்த கேமராவை நேரே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். படங்களுக்கு நடுவே லைவ் வியூவை (திரையில் காட்சி ஓடுவதை) அணைத்துக் கேமராவுக்கு ஓய்வு கொடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (இத்தகைய புள்ளிகள்) குறைப்பு வசதி கேமராவில் உண்டு, ஆனால் அதை இயக்கினால் 30 நொடிப் படத்துக்குப் பின் இன்னொரு 30 நொடி கேமரா முடங்கிக் கிடக்கும். இருபதே நிமிடம் நீடிக்கும் நீல வானத்தில் பாதியை அது தின்றுவிடும். அதை அணைத்து வைத்துவிட்டு, கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் அந்தப் புள்ளிகளைக் கழித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மாலைகள்தான் இந்த வேலைக்கு ஆண்டிலேயே சிறந்தவை. ஈரத் தார்ச்சாலையில் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும், காற்றில் தூசியும் இருக்காது.

சாலையோரம் நிற்பவர் ஒளி திருப்பும் பட்டை வைத்த மேலங்கி ஒன்றை அணிந்துகொள்வதும், மீடியனிலும் வண்டி செல்லும் பகுதியிலும் ஒருபோதும் கால் வைக்காதிருப்பதும், ஃப்ளாஷை முற்றிலும் அணைத்து வைப்பதும் கட்டாயம். ட்ரைபாடைப் பார்த்ததும், "என்னண்ணா, ரோட்டை அகலப்படுத்த சர்வேயா?" என்று வண்டியை நிறுத்திக் கேட்பவர்கள் இருப்பார்கள். வீடோ கடையோ இடிபடுமோ என்ற கவலையில் கேட்பவர்கள் அவர்கள். திரையில் படத்தைக் காட்டிப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

கேமராவைக் காரில் பூட்டுதல்

காருக்குள் பூட்டுவது முதல் நிலை. பின் இருக்கையின் நடுவில் ட்ரைபாடை வைத்து, ஒரு காலை முன் இருக்கைகளுக்கு இடையில் தரையிலும், மற்ற இரண்டை இருக்கையின் மேலும் ஊன்றி, சீட் பெல்ட்டாலும் நைலான் பட்டையாலும் அசையாதபடி இறுக்கிக் கட்டுங்கள். லென்ஸை அதன் மிக அகலமான நிலையில் வைத்து, ஸ்டீயரிங், டேஷ்போர்டு, கண்ணாடிக்கு வெளியே சாலை ஆகியவை சேர்ந்து தெரியும்படி சட்டகத்தை அமையுங்கள். முன்கண்ணாடியை உட்பக்கமும் துடைத்து, டேஷ்போர்டின் மேல் கறுப்புத் துணி விரித்து, திரைகளை அணைத்து, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிட வேண்டும். ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டுமே செய்ய வேண்டும். கேமராவை இயக்குவது பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரின் வேலை.

36 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 10 மீட்டர் செல்கிறது. தெருவிளக்குகள் 30 மீட்டர் இடைவெளியில் இருந்தால், 3 நொடி எக்ஸ்போஷரில் ஒவ்வொரு விளக்கும் அடுத்த விளக்கின் இடம் வரை ஒரு கோடு இழுக்கும், விளிம்பு முழுவதும் தொடர்ந்த ஒளி கிடைக்கும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100-இல் தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். சாலை வழவழப்பாக இருப்பது இங்கே எல்லாவற்றையும்விட அவசியம். சர்வீஸ் சாலையின் ஒரு சிறு பள்ளம் போதும், அத்தனை கோடுகளும் ஒரே இடத்தில் நெளிந்து நிற்கும். நமக்கு முன்னால் அதே வேகத்தில் செல்லும் காரின் பின்விளக்குகள் கோடாகாமல் ஏறக்குறைய புள்ளிகளாகவே நிற்பதையும் அப்போது காண்பீர்கள்.

காருக்கு வெளியே, நீண்ட கம்பியின் நுனியில் கேமராவை நிறுத்தி, முழுக் காரையும் எடுப்பது அடுத்த நிலை. வேக்கம் கப்களை (உள்ளே காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணங்களை) காரின் உடலில் ஒட்டவைத்து அந்தக் கம்பியைத் தாங்குவார்கள். பறப்பதுபோல் தெரியும் அந்தப் படங்களில் பெரும்பாலும் கார் நடை வேகத்தில்தான் நகர்ந்திருக்கும். 2 நொடி எக்ஸ்போஷரில் 3 மீட்டர் நகர்ந்தாலே தரை முழுவதும் இழுபட்டுவிடும், அது மணிக்கு 5.4 கிலோமீட்டர் வேகம்தான். எஞ்சின் ஓடினால் கம்பி அதிரும் என்பதால், எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் இரண்டு பேர் தள்ளுவதே முறை. ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமலிருக்கச் சாவியைத் திருகிய நிலையிலேயே வைத்து, ஒருவர் உள்ளே பிரேக்கில் கால் வைத்து அமர வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் மிகவும் கனமாக இருக்கும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. ஊருக்கு வெளியே சாலை மட்டும் போட்டு வீடு எழும்பாமல் கிடக்கும் மனைப்பிரிவுகளில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சமதளமாகப் பார்த்துச் செய்யலாம்.

வெயிலில் காய்ந்த தகட்டில் வேக்கம் கப்பின் பிடி தளரக்கூடும் என்பதால் விடியற்காலையே ஏற்ற நேரம். ஒட்டும் இடத்தில் தூசி இல்லாமல் துடைத்து, கேமராவிலிருந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கயிற்றைக் காரோடு கட்டிவிடுங்கள். காலை வெளிச்சத்தில் எஃப் 11, ஐஎஸ்ஓ 100-க்கு ஷட்டர் நேரம் 1/25 நொடி என்று கேமரா காட்டினால், 6 ஸ்டாப் என்டி ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கருமையான கண்ணாடியை) லென்ஸில் போட்டதும் அது ஏறக்குறைய 2.5 நொடியாகிவிடும். ஒவ்வொரு ஸ்டாப்பும் நேரத்தை இரட்டிப்பாக்குகிறது என்பதுதான் கணக்கு. உச்சி வெயிலில் இதே நேரம் வேண்டுமானால் 10 ஸ்டாப் ஃபில்டர் தேவைப்படும். படத்தில் விழும் கம்பியைப் பிறகு கணினியில் அழிக்க வேண்டும். அந்த வேலை எளிதாக, கம்பியின் நிழலும் பிரதிபலிப்பும் கார் கதவில் விழாத கோணத்தை முதலிலேயே தேர்ந்தெடுத்து, தள்ளி எடுத்து முடித்த பின் கம்பியைக் கழற்றிவிட்டு, கேமராவை அதே உயரத்தில் கையில் பிடித்துக் காரின் படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி மறைத்த பகுதியை அதிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம்.